காஜிகுண்டில் நின்ற லாரி

போச்சம்பள்ளி சந்தைத் திடலுக்குப் பின்னால் குடியிருந்த லாரி டிரைவர் ஒருவருக்காக நான் வாதாடிய சம்பள வழக்கு இது. ஜனவரி மாதச் சம்பளத்தையும் பேட்டாவையும் ஓனர் முழுசாகப் பிடித்துக்கொண்டார். “செல்ஃபை விடாமல் அடித்து மோட்டாரை எரித்துவிட்டான், கலப்பட டீசல் ஊற்றியிருக்கிறான்” என்பது அவர் சொன்ன காரணம்.

கிரானைட் பலகை ஏற்றிய வண்டி அது. கிருஷ்ணகிரியில் பிடித்தால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. பனிஹால் தாண்டி, காஜிகுண்டில் ராத்திரி நிற்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 21 முதல் 40 நாள் வாட்டும் குளிரைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். அதன் நடுவில் ஒரு காலை, வண்டி கிளம்பவில்லை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும். சிலிண்டர் சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே வாங்கிக்கொள்ளும். ஆயில் கெட்டிப்பட்டு எஞ்சினைச் சுற்றவிடாது; அந்த நேரம் பார்த்து பேட்டரியும் பலம் இழக்கும். போதாததற்கு டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும்.

வழக்கை விசாரித்த அதிகாரிக்கு இந்த மெழுகு விஷயம் பிடிபடவில்லை. “டீசல் எப்படிப்பா உறையும்?” என்று டிரைவரையே கேட்டார். “ஐயா, மார்கழியில எங்க வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டில்லயே கட்டியாயிடுதுங்க. ஃபில்டரக் கழட்டினா உள்ள அப்படித்தான் வெள்ளையா அப்பியிருந்துச்சுங்க. சுடுதண்ணித் துணி சுத்தி இளக்கினேங்க. டேங்குக்கு அடியில தீ மூட்டச் சொன்னாங்க, நான் மாட்டேன்னுட்டேங்க.” நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த வாதத்தைவிட இது தெளிவாக இருந்தது.

கலப்படக் குற்றச்சாட்டுக்கு, வழியில் டீசல் போட்ட அம்பாலா பங்க் பில் பதில் சொன்னது. அதோடு ஐ.எஸ். 1460 தரநிர்ணயத்தையும் வைத்தேன். குளிர்கால டீசல் ஃபில்டரை அடைக்காமல் ஓட அது கேட்கும் வரம்பே 6 டிகிரி செல்சியஸ்தான். பூஜ்யத்துக்குக் கீழே போன ராத்திரியில் நல்ல டீசலும் உறையும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது இதனால்தான். அது காஜிகுண்டில் நின்ற டிரைவர் கையில் இல்லை.

மிச்சம் இருந்தது செல்ஃப் மோட்டார். செலவைக் காட்ட ஓனர் தரப்பே கொடுத்த காகிதக் கட்டில், பழைய பேட்டரியின் வாரண்டி அட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. வாரண்டி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பலமில்லாத பேட்டரியில் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், கரண்டை அதிகமாக இழுக்கும், காயில் கருகும். குறுக்கு விசாரணையில் இரண்டே கேள்விதான் கேட்டேன்: “காஷ்மீர் அனுப்புமுன் பேட்டரி மாற்றினீர்களா? குளிருக்கேற்ற ஆயில் ஊற்றினீர்களா?” இரண்டுக்கும் இல்லை என்றார்.

அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின்படி, தொழிலாளியின் அசட்டையால்தான் நஷ்டம் என்றால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதற்கும் முன்பு அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். இங்கே ஒரு துண்டுக் காகித நோட்டீஸ்கூடக் கிடையாது. எனக்கு ஆத்திரம் மூட்டியதே இதுதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையில் நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் வீட்டு உலையில் கைவைப்பதா?

பிடித்த தொகையைத் திருப்பித் தரவும், மேற்கொண்டு இழப்பீடு கொடுக்கவும் உத்தரவானது. ஓனர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்த 1936 சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. கேட்காமல் பிடிக்கக் கூடாது என்ற விதி அதிலும் உண்டு. மனுப் போட முன்பு 12 மாதம் இருந்த கெடு 3 வருஷமாகியிருக்கிறது. வடக்கே லோடு போகிற தம்பிகள் டீசல் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். ஃபில்டரைக் கழற்றினால் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.