எரியாத கடைக்கு ஏது நட்டஈடு?

வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்னும் மூன்று மீன்களின் கதையைச் சிறுவயதில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். எம் மாமா முதல் மீனின் இனத்தைச் சேர்ந்தவர். பதுளைக் கடைவீதியில் அவர் நடத்திவரும் சிறு புடவைக் கடைக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தவறாது காப்புறுதிக் கட்டுப்பணம் செலுத்தி வந்தார்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கென அடுக்கியிருந்த சேலைகளையும் வேட்டிகளையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினோம். பசறை, ஹாலி-எல, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து சம்பளப் பணத்தோடு பஸ் ஏறி வரும் மக்களே அக்கடையின் உயிர். கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. ஆயினும் பறித்தவர்கள் நகருக்கு வர வழியில்லை. புத்தாண்டு வந்தது, போயிற்று. கடன் மட்டும் நின்றது.

"நமக்குத்தான் காப்புறுதி இருக்கிறதே!" என்றார் மாமா. வியாபாரம் தடைப்பட்டால் நட்டஈடு உண்டென்று பத்திரத்திலும் கண்டிருந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார்.

"கடை எரிந்ததா, ஐயா?"

"இல்லை, தம்பி."

"வெள்ளம் புகுந்ததா?"

"இல்லை."

"பொருளுக்குச் சேதம் நேர்ந்து, அதனால் வியாபாரம் நின்றால்தான் இந்தப் பத்திரம் பொறுப்பேற்கும், ஐயா."

திரும்பும் வழியில், "எரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்" என்றார் மாமா. 1983 ஜூலையில் அதே பதுளை நகரம் எரிந்ததைக் கண்ணாற் கண்டவர் அவர். அவர் வாயிலிருந்து அச்சொல் வந்தது எம்மை வெகுநாள் வருத்திற்று.

இது வெறும் வஞ்சகம் என்றே நாம் முதலில் எண்ணினோம். உண்மையை உணர்த்தியது தோட்டத்து மரண உதவிச் சங்கந்தான். மாதந்தோறும் எல்லோரும் சிறுதொகை கொடுக்கிறார்கள்; ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அப்பணம் உதவுகிறது. எல்லா லயங்களிலும் ஒரே நாளில் சாவு விழுந்தால் சங்கத்தின் பெட்டி தாங்குமா? தீ ஒரு கடையை எரிக்கும். எரியாத நூறு கடைகளின் பணம் அதனைத் தூக்கி நிறுத்தும். கொள்ளைநோயோ உலகத்துக் கடைகளையெல்லாம் ஒருங்கே பூட்டிவிடுகிறது. அப்போது யார் பணத்தை யாருக்குக் கொடுப்பது?

தொற்றுநோய்க்கெனத் தனிக் காப்புறுதி வாங்கியோரும் உண்டு. இங்கிலாந்தின் விம்பிள்டன் டென்னிஸ் கழகம் பல ஆண்டுகள் அதற்குப் பணம் கட்டி, 2020இல் போட்டி நின்றபோது பெருந்தொகை பெற்றது. அத்தகைய கட்டுப்பணத்தைச் சிறுகடைக்காரர் தாங்குவரோ?

1983க்குப் பின், கலவரச் சேதத்தை நிறுவனங்கள் தனியே சுமக்க இயலாதெனக் கண்டு, 1987இல் அரசே அதற்கென ஒரு நிதியம் அமைத்தது. எல்லோரையும் ஒருங்கே தாக்கும் நோய்க்கும் அவ்வாறே நாடு முழுவதும் தோள் கொடுக்க வேண்டும் என்பதே எம் எண்ணம்.

மாமா இன்றும் கட்டுப்பணம் செலுத்துகிறார். புதுப்பித்த பத்திரத்தை எம்மிடம் தந்து எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். தொற்றுநோயால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாகவே இருந்தது.

"இப்போதாவது சொல்லிவிட்டார்களே!" என்று கூறி, அன்றைய விற்பனையில் ஒரு நோட்டை எடுத்துத் தனியே ஒரு தகரப் பெட்டியில் போட்டார்.