சிறையில் ஒரு சான்றோர்

நாட்டுப்பற்று என்பது யாது? நாட்டை ஆள்வோர் செய்வன அனைத்தையும் போற்றுதலா? அவர் நெறி தவறுங்கால் இடித்துரைத்தலா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர், ஜெர்மானிய இதழாசிரியர் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கி ஆவார்.

அவர் 1889 ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். நீதிமன்றத்தில் எழுத்தராய் அமர்ந்து பிழைத்தார். முன்னரே அமைதியை விரும்பிய அவர், முதல் உலகப்போரில் படைவீரராய்ச் சென்று, போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்டார். 'இனிப் போர் வேண்டா' என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர்.

1927 ஆம் ஆண்டில் அவர் பெர்லினில் 'வெல்ட்பூனே' என்னும் வார இதழின் ஆசிரியரானார். ஜெர்மனி வான்படை வைத்துக்கொள்ளுதல் கூடாது என்பது 1919 ஆம் ஆண்டின் வெர்சேல்சு உடன்படிக்கை. ஆயினும், படைத்துறையினர் மறைவில் வான்படை அமைத்து வந்தனர். நாடாளுமன்றக் குழுவின் வரவு செலவுக் குறிப்புகளையும் துணைக்கொண்டு, வால்ட்டர் கிரைசர் என்பவர் இதனை ஆராய்ந்து எழுதினார். ஒசியெட்ஸ்கி 1929 மார்ச்சுத் திங்களில் அக்கட்டுரையை அஞ்சாது வெளியிட்டார். பொய் கூறினார் என்று எவரும் அவரைப் பழிக்கவில்லை; மெய்யை வெளிப்படுத்தியதே குற்றமாயிற்று! 1931 இல் நீதிமன்றம் அவருக்குப் பதினெட்டுத் திங்கள் சிறை விதித்தது.

கிரைசர் பிரான்சு நாடு சென்றார். ஒசியெட்ஸ்கியும் சென்றிருக்கலாம், நண்பரும் வேண்டினர். எல்லைக்கு அப்பால் நின்று கூவுவோன் குரல் உள்நாட்டார் நெஞ்சில் தைக்காது என்பது அவர் கொள்கை. ஆதலின், 1932 மே மாதத்தில் தாமே சென்று சிறை புகுந்தார். ஆண்டிறுதியில் பொதுமன்னிப்பால் விடுதலை பெற்றார். இட்லர் ஆட்சி தோன்றியபோதும் அவர் ஓடவில்லை. 1933 பிப்ரவரி 28 இல் மீண்டும் சிறைப்பட்டார். வதைமுகாம்களில் அடியும் கடும்பணியும் அவர் உடலை நலித்தன, காசநோயும் பற்றியது.

1936 நவம்பரில், 1935 ஆம் ஆண்டிற்குரிய நோபல் அமைதிப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதனை மறுத்துவிடுமாறு அமைச்சர் கோரிங் வற்புறுத்தினார். நோயுற்றுக் காவலிற் கிடந்த அம்மனிதரோ, 'ஏற்பேன்' என்றார்! ஆஸ்லோ நகர் செல்ல அரசு அவரை விடவில்லை. ஜெர்மானியர் எவரும் இனி நோபல் பரிசு பெறலாகாது என 1937 இல் இட்லர் ஆணையிட்டார். 1938 மே 4 இல், காவலின்கீழ் இருந்த நிலையிலேயே, பெர்லின் மருத்துவமனையில் ஒசியெட்ஸ்கி உயிர் நீத்தார்.

அவர் உயிர் நீத்த மறு ஆண்டே, அவர் அஞ்சியவாறு பெரும்போர் மூண்டது. பெர்லினும் ஹாம்பர்க்கும் குண்டுகளால் இடிந்தன. அவர் எச்சரிக்கையைச் செவிமடுத்திருப்பின் அந்நாடு எத்துணை உயிர்களைக் காத்திருக்கும்! 1991 ஆம் ஆண்டில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் முறைப்படி அவர் பெயரைத் தாங்கிற்று. அன்று பகைவரென ஒறுக்கப்பட்டவரே இன்று அந்நாட்டின் பெருமையாகத் திகழ்கின்றார். இடித்துரைப்பாரைச் சிறையில் அடைக்கலாம். அவர் உரைத்த உண்மையை அடைத்தல் எவர்க்கு இயலும்?