கடற்கரைக் கோயிலுக்குக் காகிதப் பற்று

மாமல்லபுரம் போகிறவர்கள் ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் சுற்றிவிட்டுக் கடற்கரைக் கோயிலுக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள். குழந்தைகளும் ஐஸ்க்ரீமுக்கு அழ ஆரம்பித்துவிடும். முதலில் கடற்கரைக் கோயிலுக்கே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் அங்கே நிற்பது தனி சுகம்.

8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. இரண்டு சிவன் சந்நிதி, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். மதில்மேல் வரிசையாக நந்திகள். கிட்டப் போய்ப் பாருங்கள், சில நந்திகளுக்கு முகமே இல்லை! கண், மூக்கு, காது எல்லாம் கரைந்து, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருக்கின்றன.

காரணம் உப்புதான். ஊறுகாய் ஜாடிக்கு வெளியே வெள்ளையாகப் பூக்கிறதே, அதே சங்கதி. கடற்காற்றின் உப்பு ஈரம் கல்லின் நுண்ணிய துளைகளில் இறங்கிவிடும். ஈரம் காய்ந்ததும் உப்பு உள்ளேயே கட்டியாகி, இடம் போதாமல் நெட்டித் தள்ளும். கல் பொருக்குப் பொருக்காக உதிரும். இதில் மணலை வாரி அடிக்கும் காற்று வேறு.

இதற்குத் தொல்பொருள் துறையினர் செய்கிற வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெறும் காகிதக் கூழ்! காய்ச்சி வடித்த தண்ணீரில் (பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அது) காகிதத்தை ஊற வைத்துக் கூழாக்கி, நாம் வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதுபோல் சிற்பத்தின்மேல் அப்பிவிடுவார்கள். கூழின் ஈரம் உள்ளே போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயக் காய, கரைந்த உப்பு கல்லிலிருந்து கூழுக்கு ஏறும். உரித்து எடுத்தால் உப்பும் கூடவே வந்துவிடும். ஒரு தடவையில் தீராது, திரும்பத் திரும்பப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உதவாது. அதிலேயே உப்பு இருக்கிறதே!

உதிர்ந்த மூக்கு இதனால் திரும்பி வராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு. கடலும் உப்பு அனுப்புவதை நிறுத்தப் போவதில்லை. அதனால்தான் காற்றை மறிக்கச் சவுக்கு மரங்கள், அலையைத் தடுக்கக் கரையோரம் பாறைகள். "மரம் கடலை மறைக்குதே" என்று என் வீட்டுக்காரர் குறைப்பட்டார். அவருக்குப் போட்டோ கவலை!

மார்பில் துர்க்கையைத் தாங்கிய சிங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. குழந்தையை அதன்மேல் உட்கார வைத்துப் படம் எடுக்க ஆசை வரும். வேண்டாம், பக்கத்தில் நிறுத்தி எடுங்கள்.

சென்னையிலிருந்து 60 கிலோ மீட்டருக்குள்தான், பஸ் வசதி உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். குடிக்கத் தண்ணீரும், குழந்தைகளுக்குத் தொப்பியும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.