அண்ணாவியாருக்குச் சுகமில்லை

2024 ஆனி மாதம் என் மாமியிடம் ஒரு பொய் சொன்னேன். இன்றுவரை அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அது சின்னப் பொய்யாகப் போயிருக்கும். நான் சொன்னபடியால் அது சின்னதல்ல. நான் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியை.

உயர்தரப் பிள்ளைகளுக்குக் காத்தவராயன் கூத்தைப் படிப்பிக்காமல் ஒரு வருடமும் போகாது. சிந்துநடைக் கூத்து என்று ஏன் பெயர் வந்தது, உடுக்கும் ஆர்மோனியமும் எங்கே சேரும், மாரியம்மன் கோயில்களோடு அதற்கு என்ன உறவு என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். “எங்கடை சனம் கூத்துப் பார்க்க வருகுதில்லை” என்று மேடைகளிலும் பேசியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள்.

மாமி என் அப்பாவின் கடைசித் தங்கை. நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர். தாத்தாவின் இதரைக் குலைகளும் கதலிக் குலைகளும் வண்டியேறிப் பட்டணத்துக்குப் போன காலம் அது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போய், ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். என் மகளின் கலியாணம் ஆவணியில் வைத்திருந்தோம். அதற்கும் நல்லூர்த் திருவிழாவுக்குமாகச் சேர்த்து ஆனியிலேயே வந்துவிட்டார்.

வந்த கையோடு மாமி கேட்டது ஒன்றே ஒன்று. பக்கத்து ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குக் காத்தவராயன் கூத்து என்று மதகடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை நின்று வாசித்துவிட்டு வந்தார். “பிள்ளை, என்னைக் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

மாமிக்குக் கூத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பாயும் போர்வையும் சுருட்டிக்கொண்டு கோயில் வீதிக்குப் போவார்களாம். இரவு ஒன்பது, பத்துக்குத் தொடங்கினால் விடியும் வரைக்கும் நடக்கும். ஒரே இரவில் காத்தவராயனாகப் பலர் வருவார்கள். பாலனாக ஒருவர், இளந்தாரியாக ஒருவர், வயது ஏற ஏற ஆள் மாறும். கதையின் நாயகி ஆரியமாலை வரும்போது பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள். கழுவேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னர் அப்பாச்சி ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புவாவாம். காத்தவராயன் கழுமரத்தில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, படிக்குப் படி நின்று பாடி ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த நேரத்தில் நித்திரை கொள்வது அம்மனுக்குச் செய்கிற அவமரியாதை என்பது அப்பாச்சியின் தீர்ப்பு. பாடத்திட்டத்தில் இல்லாத இந்த விஷயத்தை மாமி சொல்லித்தான் நான் அறிந்தேன். வகுப்பில் என் சொந்த அவதானிப்புப் போல அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

கூத்து நடக்கவிருந்த அதே நாள்தான் நாங்கள் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போவதாக இருந்தது. காலையில் மாமி ஒரு திட்டம் சொன்னார். இரவு முழிக்க வேணும், ஆனபடியால் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவோம், மத்தியானம் ஒருக்காப் படுக்க வேணும் என்று.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினால் என் காரியம் நடக்காது. மகளுக்கு ஒரு சோடிக் காப்புச் செய்து தருவதாக மாமி கனடாவிலிருந்தே சொல்லியிருந்தார். ஒரு பவுண் இரண்டு இலட்சத்தை நெருங்கி நின்ற நேரம். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை பார்க்க வேண்டும். அதற்கு முதல் சேலைக் கடைகள். சேலை பார்த்து மாமியின் மனம் இளகிய பிறகு நகைக்கடைக்குப் போனால் காப்போடு ஒரு சங்கிலியும் சேரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்குக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அன்றைக்கு என் மனதில் இருந்தது இதுதான். கூத்தைப் பற்றிய வெட்கமோ, நுளம்புக்கடியில் மாமி இருக்கவேண்டி வருமே என்ற கரிசனையோ இல்லை. அவற்றைப் பிற்பாடு எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன்.

கிணற்றடிப் பக்கம் போய்ப் போனில் கதைப்பது போலக் கதைத்துவிட்டு வந்து சொன்னேன்: “கூத்து இல்லையாம் மாமி. அண்ணாவியாருக்குச் சுகமில்லையாம்.”

மாமியின் முகம் விழுந்தது. “என்ன வருத்தமாம்?” என்றார். “நெஞ்சுக்கை ஏதோவாம்” என்றேன். வாயில் வந்தது அது. ஒரு மனிதரின் நெஞ்சில் நோயை நான் வைத்தேன். பகலில் தோட்டம் கொத்தி, இரவில் இளம்பொடியளுக்குப் பாட்டும் நடையும் பழக்குகிற மனிதர் அவர். என் மாணவர்களுக்கு அவரை வளவாளராக அழைத்து, பொன்னாடையும் போர்த்தியிருக்கிறேன்.

மாமி உள்ளே போய்க் கைப்பையைத் திறந்து இரண்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து வந்தார். “இதை அந்தாளின்ரை மருந்துக்குக் குடு, பிள்ளை. என்ரை பேர் சொல்ல வேண்டாம்.”

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாள்களை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு பட்டணம். கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று வழி நெடுக மாமி பழைய கதை சொல்லிக்கொண்டு வந்தார். ராஜா, வின்சர், வெலிங்டன், றீகல் என்று அந்தக் காலத் தியேட்டர்களின் பெயர்கள், எந்தப் படத்துக்கு எத்தனை பேர் ஒரு காரில் நெருக்கிப் போனார்கள் என்ற விபரம். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைச் சனத்தோடு சனமாக நிலத்தில் இருந்து பார்த்ததையும் சொன்னார். “நாடகம் முடிஞ்ச பிறகும் ஒருத்தரும் எழும்பேல்லை” என்றார். அந்த நாடகத்தைப் பற்றி நான் குறிப்புகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்த்ததில்லை. பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்து கதைக்கிறார். நான் எந்தக் கடையில் முதலில் இறங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணக்குப் பிசகவில்லை. சேலைகள் வாங்கினோம். காப்புக்கு ஓடர் கொடுத்தோம். சங்கிலியும் கிடைத்தது. மாமிக்குக் கால் வீங்கிவிட்டது. நகைக்கடைக் கதிரையில் இருந்தபடி செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மற்றக் கையால் காசை எண்ணினார். பொழுதுபட்ட பிறகு, கூத்து இல்லாத குறை தீரட்டும் என்று, ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் திறந்த காகில்ஸ் ஸ்குவயரில் ஒரு படத்துக்குக் கூட்டிப்போனேன். குளிரூட்டிய தியேட்டரில் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு மாமி நித்திரையாகிவிட்டார். கழுவேற்றத்துக்காக முழித்திருக்க ஆசைப்பட்ட மனுசி.

இரவு பத்தரை மணியளவில் கார் ஊருக்குத் திரும்பியது. காற்று வாக்கில் ஆர்மோனியமும் உடுக்கும் கேட்டன. ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். மாமி கண்ணாடியை இறக்கினார். “எங்கையோ கூத்துப் போலை கிடக்கு.” நான் சொன்னேன்: “கோயில்லை றெக்கோர்ட் போடுறாங்கள், மாமி.” அவர் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றவும் இல்லை.

அந்தப் பத்தாயிரம் ரூபாயைச் சில நாள் அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு மகளின் சட்டைகள் தைத்த கூலிக்கு எடுத்துக் கொடுத்தேன். மறந்துபோய் எடுத்ததில்லை. எந்தக் காசு என்று தெரிந்துதான் எடுத்தேன்.

2025 தை மாதம் சண்முகலிங்கம் ஐயா காலமானார். ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசக் கேட்டார்கள். பிள்ளைகள் வெளிநாடு போக, இங்கே தனித்துப்போன தாய் தகப்பனைப் பற்றி அவர் எழுதிய ‘எந்தையும் தாயும்’ நாடகத்தை எடுத்துப் பேசினேன். போனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையில் காசு ஓர் உறவு மொழியாகிவிட்டது என்று சொன்னேன். நல்ல பேச்சு என்றார்கள். வீட்டுக்கு வந்து அன்றிரவு நான் சாப்பிடவில்லை. போனவர் ஒருவர் காசை வைத்துக்கொண்டு வந்து கூத்தைக் கேட்டார். இருந்த நான் கூத்தை மறைத்துக் காசைக் கேட்டேன். இதைத்தான் நான் அந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் வரும் காலத்தில் எங்கள் ஊர்களில் இது என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அவர்கள் வந்து இறங்க முதலே கடைகளின் பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறோம். அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள் என்று கேட்பதில்லை. கேட்டாலும், அந்தக் கேள்வி எங்களுக்கு என்ன செலவு வைக்கும் என்றே யோசிக்கிறோம். ஊரைக் குற்றம் சொல்லி என் பாரத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. என்னைப் போல இன்னொருத்தி இருந்தால் அவள் இதை வாசிக்க வேண்டும்.

போன மாதம் அண்ணாவியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிப் பத்தாயிரத்தை நீட்டினேன். அவர் கோபிக்கவில்லை. “எனக்கு வராத வருத்தத்துக்கு நான் காசு வாங்கக்கூடாது, ரீச்சர். குடுத்தவவிட்டைக் குடுங்கோ” என்றார். மாமியிடம் தொலைபேசியில் சொல்ல நினைத்து எடுப்பேன். சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். அச்சானதும் இந்தப் பக்கத்தை ஸ்காபரோவுக்கு அனுப்புவேன்.

மாமி, அன்றைக்குக் கூத்து நடந்தது. விடியும் வரைக்கும் நடந்தது. அண்ணாவியாருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. நீங்கள் கேட்டது றெக்கோர்ட் இல்லை. நீங்கள் தந்த பத்தாயிரம் ரூபாயை நான்தான் செலவழித்தேன்.