குனிந்தால் சுகம், நிமிர்ந்தால் வலி

முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் கிராமத்து வீடுகளில் இரண்டு பயம் சேர்ந்தே வரும். ஒன்று செலவு. மற்றொன்று, 'முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும்' என்ற ஊர்ப்பேச்சு. எந்த ஆபரேஷன், எதற்காக என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

டெல்டாவில் நாற்பது வருடமாக நடவுக்குப் போன ஓர் அம்மாவுக்கு வயது 58. நாள் முழுக்கக் குனிந்து நட்டாலும் தாங்கும். நிமிர்ந்து வரப்பில் நூறு எட்டு வைத்தால் இரண்டு காலும் மரத்துப்போகும். கொஞ்ச நேரம் குந்தினால் சரியாகிவிடும். 'வாயு' என்றார்கள். தைலம், பெல்ட், ஊசி என்று இரண்டு வருடம் ஓடியது. ஒரு மருத்துவமனையில் ஸ்க்ரூ வைக்க வேண்டும் என்றார்கள். கறவை மாட்டை விற்க விலை பேசியாயிற்று.

அதற்குள் உறவினர் ஒருவர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். "அம்மா, வலி இடுப்புலயா, கால்லயா?" என்றார் டாக்டர்.

"காலுதாங்க சார். இடுப்பைக்கூட பொறுத்துக்கலாம்."

கீழ் முதுகில் ஐந்து எலும்புகள் உண்டு. வயதாக ஆக நடுவிலுள்ள டிஸ்க் வற்றும். மூட்டும் சவ்வும் தடிக்கும். நரம்பு போகும் பாதை குறுகும். குனிந்தால் பாதை சற்று விரியும், நிமிர்ந்தால் நெருக்கும். ஆபரேஷன் எடுப்பது இந்த நெருக்கத்தைத்தான். அதனால் கால்வலி நன்றாகக் குறையும். தேய்ந்த இடுப்பு புதிதாகிவிடாது.

டிஸ்க் பிதுங்கி ஒரு காலில் வலி இறங்கினால், பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் தானே தணியும். தணியாவிட்டால் பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது டிஸ்கெக்டமி. பாதை குறுகியிருந்தால் பின்பக்க எலும்பை அகற்றி இடம் உண்டாக்குவது லேமினெக்டமி. எலும்பு நழுவி ஆடினால் ஸ்க்ரூ, கம்பி வைத்து இணைப்பது ஃபியூஷன். இது பெரிய ஆபரேஷன். எலும்பு ஒட்டவே பல மாதங்கள் ஆகும்.

அந்த அம்மாவைக் குனிய வைத்தும் நிமிர வைத்தும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு ஆடவில்லை. லேமினெக்டமியே போதும் என்று முடிவானது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை செலவைப் பார்த்துக்கொண்டது. மறுநாளே நடக்க வைத்தார்கள். மூன்று மாதம் தண்ணீர்க்குடம்கூடத் தூக்கவில்லை. இப்போது கடைத்தெரு வரை உட்காராமல் போய்வருகிறார். இடுப்பில் வலி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நடவை விட்டுவிட்டார், விற்காத மாட்டைக் கவனித்துக்கொள்கிறார்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். நெருங்கியிருப்பது எந்த நரம்பு? எலும்பு ஆடுகிறதா? ஸ்க்ரூ இல்லாமல் முடியுமா? பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தவறில்லை. நெருக்கம் மெதுவாக வந்தது என்றால், யோசிக்க நேரம் உண்டு.

நேரம் இல்லாத நிலையும் ஒன்று உண்டு. சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டால், மலம் கட்டுப்பாடில்லாமல் போனால், தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால், அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், செத்த நரம்பை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது.