ஒரே திரை, இரண்டு கருவிகள்

டெக்ட்ரோனிக்ஸ் 2230. 1980களின் அமெரிக்க ஆசிலோஸ்கோப்; மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. அனலாகில் 100 மெகாஹெர்ட்ஸ். டிஜிட்டலில் நொடிக்கு 2 கோடி மாதிரிகள். மாற்ற ஒரு பட்டன் போதும்.

ஒரே தடவை வந்து மறையும் துடிப்பைப் பிடித்துவைக்க டிஜிட்டல்தான். ஆனால் சாதாரண சாம்பிள் முறையில் டைம்பேஸை (திரையின் நேர அளவை) மெதுவாக்கினால் மாதிரி எடுக்கும் வேகமும் குறையும்; படுவேகமான அலைகூட சாவகாசமாக ஆடுவதுபோல் பொய்க்கோலம் காட்டும்.

சந்தேகமா? பட்டனைத் தட்டி அனலாகுக்கு மாறுங்கள். எலக்ட்ரான் கற்றை நேராகத் திரையின் பாஸ்பர் பூச்சில் எழுதும். பொய்யலை கலைந்து ஒளிப்பட்டையாக நிறையும். அடிக்கடி கடக்கும் இடம் பிரகாசம், அரிதாகப் போகும் இடம் மங்கல். இந்த ஒளிபேதத்தைப் போலச்செய்துதான் அதே நிறுவனம் பின்னாளில் ‘டிஜிட்டல் பாஸ்பர்’ என்று விற்றது (நல்ல வியாபாரம்!).

மேசையை அடைக்கிறது, கனக்கிறது, வாஸ்தவம். விற்கும் உத்தேசம் இல்லை.