மஞ்சள் பூத்த கப்பல்

மொரீஷியஸ் தீவின் நடுமேட்டில் இருக்கும் கியூர்பிப்புக்குக் குடை இல்லாமல் போகக் கூடாது. கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். பெயின்ட் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் 1960களின் இறுதியில் கப்பல் மாடல் செய்யும் தொழில் இங்கேதான் தொடங்கியது. சுற்றுலா வளர வளரப் பட்டறைகளும் பெருகின. ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலிருந்து பழைய கப்பல்களின் வரைபடங்களை வரவழைத்து, அளவு சுருக்கி, தேக்கிலும் கற்பூரமரத்திலும் செய்து விற்றார்கள். இப்போது வியட்நாமிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மலிவாக வருகின்றன. நான் போன பட்டறையில் புதுக் கப்பல் குறைவு. பழையதைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு.

அங்கே பெயின்ட் வேலை பார்ப்பவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தமிழ் வம்சாவளி. "வணக்கம்" என்று கைகூப்பினார். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. அவர் கிரியோல் மொழியில் பேச, உடன் வந்த நண்பர் எனக்குச் சொன்னார். லா பூர்தொனே 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த காலத்தில் போர்ட் லூயித் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுவந்தார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இன்னொரு கூட்டம். உங்கள் முன்னோர் எதில் வந்தவர்கள் என்று கேட்டேன். "கப்பலில்" என்றார். தெரிந்துகொள்ளும் அக்கறை இருப்பதாகவும் படவில்லை. இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. அவர் சட்டைப் பையிலும் அது இருக்கிறது, படிக்கத்தான் தெரியாது.

மேசைமேல் இருந்தது சேன் ஜெரான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல். 1744 ஆகஸ்டில் தீவின் வடகிழக்குக் கரையில், அம்பர் தீவுக்கு அருகே பாறைத்திட்டில் மோதி உடைந்தது. தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1788-இல் வெளிவந்த 'போல் எ விர்ஜினி' நாவலில் விர்ஜினி இந்தக் கப்பலோடுதான் மூழ்குகிறாள். அதனால் மொரீஷியஸில் வசதியுள்ள வீட்டு வரவேற்பறைகளில் இதன் மாடலைப் பார்க்கலாம். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான் இதுவும். நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே வெள்ளையாக இருக்க வேண்டிய அடிப்பகுதி பழைய பியானோக் கட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. திரும்ப வெள்ளையாக்க வேண்டும் என்பது வீட்டாரின் கோரிக்கை.

தூரிகை, டப்பா எதையும் அவர் தொடவில்லை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சிலில் தொட்டு, ஏராக்கட்டையின் ஓரமாக ஓர் இடத்தில் உருட்டினார். பஞ்சில் பழுப்பு ஏறியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பஞ்சு. ஒரு பஞ்சு ஒரு தடவைதான் வாய்க்குப் போகும், பழைய வெள்ளையில் ஈயம் இருந்தாலும் இருக்கும் என்றார். நாலைந்து பஞ்சுக்குப் பிறகு பழுப்பு வருவது நின்றது. மஞ்சள் மட்டும் அப்படியே இருந்தது. சிகரெட் புகையும் சமையலறை எண்ணெயும் மட்டும் காரணமாக இருந்தால் இந்தத் துடைப்போடு வேலை முடிந்திருக்கும். "பாதிப் பேர் கழுவ வேண்டியதற்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்."

அடுத்து, கப்பலைத் தாங்கியிலிருந்து தூக்கிப் பக்கவாட்டில் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். தாங்கியின் இரண்டு கட்டைகளும் உட்கார்ந்த இடத்தில், பட்டைபோல, மற்ற இடத்தைவிட மஞ்சள் அடர்த்தியாக இருந்தது. எனக்கு வியப்பு. வெயில் பட்ட இடம்தானே மஞ்சளாக வேண்டும்? நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அப்படித்தான், வெளிச்சத்தில் கெடும். ஆளிவிதை எண்ணெய், ஆல்கைட் சேர்ந்த பெயின்ட் நேர்மாறு. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது உண்டாகும் நிறப்பொருளைப் பகல் வெளிச்சம் வெளுக்க வைத்துக்கொண்டே இருக்கும். இருட்டில் வைத்தால் மஞ்சள் ஏறும். ஆக, தாங்கி மறைத்த இடம் எந்தப் பெயின்ட் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த வகை மஞ்சளுக்கு முதல் மருந்து ஜன்னல்தானாம். பாயையும் கயிற்றையும் துணியால் மூடிவிட்டுச் சில வாரம் வெளிச்சத்தில் வைத்தால் பாதியாவது போகும். கியூர்பிப்பில் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தை மருந்தாகச் சொல்வது அவருக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் இந்தக் கப்பலுக்கு ஜன்னல் போதாது. பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பலகை இணைப்புகளின் வழியே மெல்லிய தேன்நிறக் கோடுகள் ஓடின. ஒரு கணுவைச் சுற்றி வட்டமாகக் கறை. அது பெயின்டின் மஞ்சள் அல்ல, மரத்தின் மஞ்சள். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். அடியில் தடுப்பு இல்லாமல் வெள்ளை அடித்தால் உள்ளிருக்கும் சாயம் மெல்ல மேலே கசிந்துவிடும். இதன்மேல் எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் சில மாதத்தில் அதே கோடு திரும்பி வரும்.

எனவே உப்புத்தாள். பழைய பெயின்ட் ஈயமோ என்னவோ, தூசி பறக்கக் கூடாது. தண்ணீர் விட்டால் மரம் உப்பி நார் எழும்பும். அதனால் தாளை டர்பன்டைனில் லேசாக நனைத்து, முதலில் 240, பிறகு 400. பாய்மரமும் நூறு கயிறும் மேலே நிற்கும் கப்பலைக் கவிழ்க்க முடியாது. மேல்பாதியை மெல்லிய பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டி, பெல்ட் பூட்டிய சட்டத்தில் சாய்த்துவைத்து, ஆள் கீழே குனிந்து மேல்நோக்கித் தேய்க்க வேண்டும். கழுத்து வலிக்கு அவரிடம் ஒரு தைலம் இருந்தது. பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே அதுவும் ஒரு டப்பாவாக இருந்தது.

தேய்த்த மரத்துக்குச் சாராயத்தில் கரைத்த அரக்கு இரண்டு பூச்சு. மரச்சாயத்துக்கு அதுதான் கதவு. மேலே பிரைமர், அதன்மேல் வெள்ளை. ஆல்கைட் பழசானால் மறுபடி மஞ்சளாகும் என்பதால் இப்போது அக்ரிலிக்தான். அரக்கு நடுவில் நிற்பதால் பழையதும் புதியதும் சண்டை போடாது. லாக்கர் தின்னரைப் பழைய எனாமலின் மேல் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பலகைத் துண்டைச் சாட்சியாக வைத்திருக்கிறார். அதில் பெயின்ட் தோலுரிந்து சுருங்கிக் கிடக்கிறது.

எந்த வெள்ளை என்பதில்தான் வழக்கு. மரச்சீவல் மூன்றில் மாதிரி அடித்து வீட்டாருக்கு அனுப்பியிருந்தார். ஒன்று டப்பாவிலிருந்து எடுத்த டைட்டானியம் வெள்ளை. இன்னொன்றில் ஊசிமுனை அளவு அல்ட்ராமரைன். வேட்டிக்குச் சொட்டுநீலம் போடுகிற அதே கணக்கு. மூன்றாவதில் துளி மஞ்சள் காவியும் துளி பழுப்பும். அவருடைய ஓட்டு மூன்றாவதற்கு. பெரிய கப்பலைத் தள்ளி நின்று பார்க்கும்போது நடுவிலிருக்கும் காற்றே நிறத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும். கைக்கெட்டும் மாடலில் அந்த மங்கலைப் பெயின்டில் கலக்காவிட்டால் பொம்மை மாதிரி இருக்கும்.

இதில் அவர் சொல்லாத நியாயம் ஒன்றும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கப்பலின் அடிப்பகுதிக்கு இந்த வெள்ளை கிடையாது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கு அஞ்சி கொழுப்பு அல்லது மீனெண்ணெயோடு பிசினும் கந்தகமும் காய்ச்சிப் பூசினார்கள். கந்தகம் சேர்ந்த பூச்சு எப்படித் தூய வெள்ளையாக இருக்கும்? செப்புத் தகடு அடிக்கும் முறையை ஆங்கிலேயக் கடற்படை 1761-இல் 'அலார்ம்' என்ற கப்பலில்தான் சோதித்துப் பார்த்தது. சேன் ஜெரான் உடைந்து அதற்குள் பதினேழு ஆண்டு ஆகிவிட்டது. ஆக, வீட்டார் அழுக்கு என்று நினைத்த நிறம் உண்மையான கப்பலுக்குத்தான் அருகில் இருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்ததோ நீலம் கலந்த மாதிரி. என்னைக் கேட்டால் அது குளியலறை வெள்ளை. "அவர்கள் வீடு, அவர்கள் கப்பல்" என்று சொல்லிவிட்டு அவர் கலக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த அறையில் இதற்கு நேரெதிரான வேலை. பாய் கட்டுவதும் கயிறு முடிவதும் இங்கே பெண்கள் வேலை. வெளுத்த பருத்தித் துணியை ஒரு அம்மா தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். தீவிலேயே விளையும் தேயிலை. கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியபின் துணியைப் போட வேண்டும். எவ்வளவு நேரம் என்றதற்கு, ஓரத்தைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே காட்டினார். காய்ந்தால் ஒரு சாயல் குறையும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்ற வேண்டும். ஒரே கப்பலில் பாய்க்குப் பழமை ஏற்றக் கூலி, அடிப்பகுதியில் பழமையை நீக்கக் கூலி. இரண்டாவது கூலிதான் அதிகம்.

நீர்மட்டக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுவதை முழுதாகப் பார்த்தேன். பழைய கோட்டை அவர் நம்பவில்லை. கப்பலை மட்டம் பார்த்து நிறுத்தி, மரக்கட்டை ஒன்றில் பென்சிலைக் கட்டி, மேசைமேல் அந்தக் கட்டையை நகர்த்திக்கொண்டே சுற்றிலும் கோடு போட்டார். முன்மூக்கின் வளைவில் அகல டேப் மடங்கும் என்பதால் பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இழையாக அறுத்து ஒட்டினார். ஓரத்தை நகத்தால் அழுத்தியதும் வெள்ளை அடிப்பார் என்று பார்த்தால், முதலில் நிறமில்லாத வார்னிஷை ஓர் இழுப்பு இழுத்தார். டேப்புக்கு அடியில் எது கசிந்தாலும் அந்த வார்னிஷ்தான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு வருகிற வெள்ளைக்கு உள்ளே போக வழியில்லை. கடைசிக் கோட் முழுதாகக் காயும் முன்பே டேப்பைப் பின்பக்கமாக மடித்து உரிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் இழுத்தால் ஓரம் பல்பல்லாகப் பெயர்ந்து வரும்.

வெள்ளை அடிக்க ஆன நேரம் சொற்பம். கோட்டுக்குக் கோட் நடுவே கப்பல் போய் நிற்பது பல்பு எரியும் அலமாரிக்குள்; கியூர்பிப் ஈரத்தில் வெளியே வைத்தால் பூச்சு காயாமல் இழுத்துக்கொண்டே போகுமாம். பஞ்சு, உப்புத்தாள், அரக்கு, டேப் என்று போன நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தூரிகைக்கு இல்லை. பில் எழுதும்போது இதையெல்லாம் தனித்தனியாகப் போடுவீர்களா என்று கேட்டேன். போட்டால் ஒவ்வொரு வரிக்கும் பேரம் பேசுவார்கள் என்றார். 'பெயின்ட் வேலை' என்று ஒரே வரியில் தொகையை எழுதி, காவி கலந்த மூன்றாவது மாதிரிச் சீவலையும் பில்லோடு சேர்த்துக் கட்டினார், அடுத்த முறைக்கு ஆகட்டும் என்று.